புதுப்பிப்பு: ஆழக் கேமராவில் விழுந்த ஓட்டைகள்

சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் தங்கச்சியின் பரதத்தை இரண்டாம் தலைமுறை கினெக்ட்டில் (தூரத்தையும் அளக்கும் மைக்ரோசாஃப்ட் கேமரா) முப்பரிமாணமாகப் பதிந்தால் இடுப்புக்குக் கீழே உருவமே வரவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது: மேடையோர ஹாலோஜன் விளக்குகள்! கேமரா அனுப்பும் அகச்சிவப்பு ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணிக்கிறது. ஹாலோஜனோ அதே அகச்சிவப்பை வாரி இறைக்கிறது. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றி, மேற்கு ஜன்னலில் கனத்த திரையும் போட்டேன். அரைமண்டியில் உட்கார்ந்ததும் நடன உடையின் விசிறி மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக விரிந்தது. அம்மா கணினித் திரையைத் தொட்டே பார்த்தார்.

ஒட்டியாணம் இருக்கும் இடம் மட்டும் இன்னும் ஓட்டைதான். பளபளப்பு ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து நாளைக்கு மறுபடி எடுக்கிறேன்.