எர்த் குழிக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறது. ஆரணிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த, எழுபதைக் கடந்த கூத்து வாத்தியார் ஒருவரின் பாட்டையும் வசனத்தையும் அவர் குரல் கணீரென்று இருக்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும் என்றுதான் 2019இல் ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தேன். ஆறு கோர் பிராசசர், 16 ஜிபி ராம், மைக் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும், எட்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று சேமிப்பு முழுவதையும் அதில் போட்டேன்.

முதல் நாளே வாத்தியார் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, நான் பாடுறது எனக்கே பின்னால வருதுப்பா, தாளம் நிக்கல" என்றார். கணினி ஒலியைக் கையாளுமுன் சேர்த்து வைக்கும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை, அதாவது பஃபர் அளவு, 1024இல் இருந்தது. நொடிக்கு 48,000 துணுக்குகள் எடுக்கும் (48,000 ஹெர்ட்ஸ்) பதிவில் அது ஒரு வழிக்கு மட்டுமே 21 மில்லிநொடித் தாமதம். மைக்கிலிருந்து உள்ளே போய்க் காதுக்குத் திரும்பி வருவதற்குள் அது இரு மடங்காகிவிடும். 128 ஆகக் குறைத்தவுடன் அந்தக் குறை தீர்ந்தது, ஆனால் பதிவில் ஆங்காங்கே 'டிக்' என்று வெட்டு விழுந்தது. வைஃபை டிரைவர் இடையிடையே பிராசசரைப் பிடித்து வைத்துக்கொண்டதே காரணம் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. பதிவின்போது வைஃபையை அணைத்துவிட்டால் வெட்டு இல்லை.

உண்மையான தொல்லை சித்திரையில் வந்தது. மாசியில் சுத்தமாக இருந்த பதிவில் இப்போது அடியில் ஓயாத ஒரு ரீங்காரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதையும் அதன் மடங்குகளான 100, 150 ஆகியவற்றையும் ஒலியின் அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் வெட்டிப் பார்த்தேன். ரீங்காரத்தோடு மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனமும் சேர்ந்தே போய்விட்டது. பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகும் என்று சிலர் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். எங்காவது கசிவு ஏற்பட்டால் இரும்புக் கேபினட்டே ஆளை அடித்துவிடும்.

தெருவிலுள்ள எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்தபோது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 17 வோல்ட் காட்டியது. வீடு கட்டியபோது உப்பும் அடுப்புக்கரியும் இட்டு மூடிய, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி வறண்டு பாளமாகக் கிடந்தது. பாலாறே மணலாகக் கிடக்கும் ஊரில் கோடைமண்ணில் ஈரம் எங்கிருந்து தங்கும்? குழியைத் தோண்டிப் புதிதாக உப்பும் கரியும் நிரப்பி நான்கு குடம் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் மீட்டரில் 2 வோல்ட்டுக்கும் குறைவாகவே இருந்தது. கணினி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே பிளக் போர்டுக்கு மாற்றியதும் எஞ்சியிருந்த ரீங்காரமும் அடங்கியது.

அதன் பிறகு மிஞ்சியது கேபினட் ஃபேனின் இரைச்சல்தான். முகவீணை என்ற ஊதுகுழல் ஒலிக்கும்போது அது தெரியாது. வாத்தியார் குரலைத் தாழ்த்தி வசனம் பேசும் இடங்களில் நன்றாகக் கேட்டது. கத்திரி வெயிலில் சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டுப் பதிவு செய்யும் அறையில் கணினிக்குள் வெப்பம் ஏறி, ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும். பெரிய 140 மில்லிமீட்டர் ஃபேன்களை மாற்றியும், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டும் ஓரளவே குறைந்தது. கடைசியில் சுவரில் துளையிட்டுக் கணினியைப் பக்கத்து அறைக்கே கொண்டுபோய்விட்டேன். யுஎஸ்பி 2 கேபிள் 5 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது என்பதால் அந்த அளவுக்குள் இடம் பார்த்து வைத்தேன்.

இப்போது எட்டு டிராக்கில் 24 பிட் பதிவு மணிக்கு ஏறத்தாழ 4 ஜிபி ஆகிறது. ஒவ்வொரு அமர்வையும் இரண்டு டிஸ்க்கில் எடுத்து வைக்கிறேன். பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி மழை வரை வாரம் இருமுறை எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதை என் மகள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.