மலப் பரிசோதனையில் முட்டை இல்லை, ஆனால் வாலடியில் அரிசி போல ஏதோ ஒட்டியிருக்கிறது

பீஷான் தாத்தா:
வணக்கம். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வளரும் சிங்கப்பூர் ஸ்பெஷல் எனப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்க்கு மூன்று வாரமாக மலம் அவ்வப்போது இளகிச் சளியோடு போகிறது. படுக்கை விரிப்பிலும் வாலடியிலும் காய்ந்த அரிசிமணி போன்றவற்றைக் கண்டேன். காலையில் எடுத்த மலத்தை மாலையில்தான் மருந்தகத்தில் கொடுக்க முடிந்தது. புழு முட்டை எதுவும் தென்படவில்லை என்றார்கள். அப்படியானால் புழுவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? வீட்டில் நான்கு வயதுப் பேத்தி இருப்பதால் கவலையாக இருக்கிறது.

ஆய்வக உதவியாளர்:
ஐயா, அந்த மணிகளில் இரண்டை ஒரு சிறு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவை நாடாப்புழுவின் கண்ணிகளாக, அதாவது அதன் உடலிலிருந்து கழன்று விழும் துண்டுகளாக, இருக்கவே வாய்ப்பு மிகுதி. மலத்தை அடர்த்தியான உப்பு அல்லது சர்க்கரைக் கரைசலில் கலக்கி, மிதந்து வரும் முட்டைகளை நுண்ணோக்கியில் தேடுவதுதான் வழக்கமான பரிசோதனை; ஆனால் நாய்களில் பரவலாகக் காணப்படும் நாடாப்புழு தன் முட்டைகளைக் கண்ணிக்குள் பொதிந்தே வெளியேற்றுவதால், கண்ணி உடையாதவரை மேலே மிதந்து வர எதுவும் இருக்காது. காய்ந்த கண்ணியை நீரில் ஊறவைத்து நசுக்கிப் பார்த்தால், கொத்துக் கொத்தாக முட்டைகள் தெரியும். நாய் தன் உடம்பைக் கடிக்கும்போது விழுங்கும் தெள்ளுப்பூச்சியிலிருந்துதான் இந்தப் புழு வருகிறது என்பதால், தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அது மறுபடியும் வந்துவிடும்.

அடுத்த முறை மலத்தை எடுத்தவுடன் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் கொக்கிப்புழு முட்டைகள் ஓரிரு நாளிலேயே பொரிந்துவிடக்கூடும்.

யீஷூன் வாசகி:
சளியும் விட்டு விட்டு வரும் இளக்கமும் எனக்குச் சாட்டைப்புழுவை நினைவூட்டுகின்றன. எங்கள் நாய்க்கு இரண்டு முறை ஒன்றும் தென்படாமல் மூன்றாம் முறைதான் முட்டை கிடைத்தது. அந்தப் புழு உடலுக்குள் சென்று முட்டையிடத் தொடங்கவே ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். பிறகும் நாள்தோறும் முட்டை வெளிவருவதில்லை. ஆகவே சில நாள் இடைவெளியில் மீண்டும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். சும்மா மிதக்கவிடுவதைவிட அதில் கூடுதல் முட்டைகள் அகப்படும். என் அனுபவத்தில் அந்த ஒரு கேள்விதான் பலனளித்தது.

ஆய்வக உதவியாளர்:
அதோடு ஒன்று: கொசுவால் பரவும் இதயப்புழுவை மலத்தில் ஒருபோதும் காண முடியாது. அதற்கு இரத்தப் பரிசோதனைதான் வழி. முதிர்ந்த பெண்புழுவின் புரதத்தையே அது கண்டறிவதால், தொற்றி ஆறு மாதம் ஆகும்வரை ‘புழு இல்லை’ என்றே முடிவு வரலாம். இங்கே ஆண்டு முழுவதும் கொசு இருக்கிறது; ஆகவே ஆண்டுக்கொரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பேத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். குழந்தைக்கு இந்த நாடாப்புழு வர வேண்டுமானால், தெள்ளுப்பூச்சியையே விழுங்க வேண்டும். அதைவிடக் கவனிக்க வேண்டியது உருளைப்புழு; அதன் முட்டைகள் மண்ணில் சில வாரம் கிடந்த பிறகே தொற்றும் தன்மை பெறுகின்றன என்பதால், மலத்தை உடனே அள்ளிவிடுவதும் கை கழுவுவதும் பெரும் பாதுகாப்பு.

பீஷான் தாத்தா:
மிக்க நன்றி. இன்று காலை விரிப்பிலிருந்து மூன்று மணிகளை டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மருத்துவரிடம் அவற்றோடு புதிய மாதிரியையும் கொடுத்து, இரத்தப் பரிசோதனைக்கும் கேட்கப்போகிறேன்.