அழித்த வாடிக்கையாளர் தரவு திரும்ப வந்துவிட்டது: 72 மணி நேரம் ஓடுகிறதா? அவசரம்

நூல்கண்டு
வணக்கம். ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் தன் தரவு முழுவதையும் அழிக்கச் சொல்லிக் கேட்டார். அழித்துவிட்டு, "எல்லாம் அழித்தாயிற்று" என்று மெயிலும் அனுப்பினோம். போன வாரம் சர்வர் படுத்துவிட்டது. பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்தோம். இன்று காலை எங்கள் செய்திமடல் அவருக்கும் போயிருக்கிறது, அதுவும் பெயர் சொல்லி அழைத்து! அந்த மெயிலுக்கே பதில் போட்டிருக்கிறார்: "அழித்ததாகச் சொன்னது பொய்யா? தரவுப் பாதுகாப்பு அமைப்பிடம் புகார் கொடுக்கிறேன்." 72 மணி நேரத்துக்குள் நாங்களே அந்த அமைப்பிடம் போய்ச் சொல்ல வேண்டுமாமே? பேக்கப்பில் ஒரே ஒருவரை மட்டும் எப்படி அழிப்பது? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மணல்கடிகை
பதறாதீர்கள். முதலில் இதைச் சொல்லுங்கள். அவர் உங்கள் நேரடி வாடிக்கையாளரா, இல்லை உங்கள் மென்பொருளை வாங்கிய இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரா? எந்தத் தேதியில் அழித்தீர்கள், ரீஸ்டோர் செய்த பேக்கப் எந்தத் தேதியுடையது? செய்திமடலை உங்கள் சர்வரே அனுப்புகிறதா, வெளிச்சேவையா?

சாவிக்கொத்து
நான் பல வருடமாகச் சொல்லிவருவது இதுதான். ஒவ்வொரு வாடிக்கையாளர் தரவையும் தனித்தனிச் சாவியால் பூட்டி வையுங்கள். அழிக்கச் சொன்னால் சாவியைத் தூக்கிப் போடுங்கள். பேக்கப் பத்து இடத்தில் இருந்தாலும் சாவி இல்லாத தரவு வெறும் குப்பை. ஒன்றே ஒன்று, சாவிகளை அதே பேக்கப்பில் சேர்த்து வைக்கக் கூடாது. இப்படிச் செய்திருந்தால் இன்று இந்தக் கேள்விக்கே இடமில்லை.

வேப்பங்காற்று
உங்கள் நிறுவனம் ஐரோப்பாவில் இல்லையென்றால் ஏன் கவலை?

பதிவேடு
மாதத்துக்கு ஒருவர் 72 மணி நேரம் என்று கேட்டுக்கொண்டு வருகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 33-ஆவது பிரிவைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் பாதிக் கேள்வி தானே தீர்ந்துவிடும். சரி, சொல்கிறேன்.

72 மணி நேரம் தரவுப் பாதுகாப்பு மீறலுக்கு, அதாவது தரவு வெளியே கசிவது போன்றவற்றுக்கு. அழிக்கப்பட்டவர் பட்டியலில் மறுபடி வந்தது 17-ஆவது பிரிவு, அதாவது அழிப்பு உரிமைச் சிக்கல். மடலை நிறுத்தச் சொன்ன பிறகும் அனுப்பினால் 21-ஆவது பிரிவும் சேரும். இந்த உரிமைகளை மீறினால் உச்ச அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், எது அதிகமோ அது. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது.

வேப்பங்காற்று, 3-ஆவது பிரிவையும் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களைக் குறிவைத்துச் சேவை தந்தால், நிறுவனம் எங்கே இருந்தாலும் சட்டம் பொருந்தும்.

மணல்கடிகை
பதிவேடு சொல்வது சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். சர்வர் படுத்ததே மீறலாக இருக்கலாம். தரவு தற்செயலாகத் தொலைந்துபோவதும் அந்த வரையறைக்குள் வரும். கடைசி பேக்கப்புக்கும் சர்வர் படுத்த நேரத்துக்கும் நடுவே வந்த பதிவுகள் தொலைந்தனவா என்று பாருங்கள். தொலைந்து, அதனால் யாருக்காவது பாதிப்பு வர வாய்ப்பிருந்தால், நீங்கள் தேடும் 72 மணி நேரம் அங்கேதான் ஓடுகிறது. விஷயம் தெரிந்த கணத்திலிருந்து கணக்கு. வாய்ப்பில்லை என்று முடிவு செய்தாலும் ஏன் என்பதை எழுதி வைத்தே ஆக வேண்டும்.

பேக்கப்பைப் பொறுத்தவரை, உள்ளே கைவைத்து ஒரு வரியை மட்டும் எடுக்கப் போகாதீர்கள். பேக்கப்பே கெட்டுவிடலாம். அழிக்கப்பட்டவர்களின் பயனர் எண்களை டேட்டாபேஸுக்கு வெளியே தனிப்பட்டியலாக வையுங்கள். ரீஸ்டோர் முடிந்ததும் அந்தப் பட்டியலை ஓட்டி மறுபடி அழித்துவிட்டு, அப்புறம்தான் சர்வரைத் திறக்க வேண்டும். பழைய பேக்கப்புகள் எத்தனை நாளில் தானாக அழியும் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

சாவிக்கொத்து
அந்தப் பட்டியலில் ஈமெயிலை ஹாஷ் செய்து, அதாவது திருப்பிப் படிக்க முடியாத குறியாக மாற்றி வைத்துவிட்டால் அது பெயரற்ற தரவு, சட்டமே பொருந்தாது. 2025 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையே சொல்லிவிட்டது.

பதிவேடு
தவறு. தீர்ப்பைத் தலைப்போடு நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது. புனைபெயராக்கிய தரவு, அதாவது பெயருக்குப் பதில் குறி போட்ட தரவு, அதைப் பெறுகிறவரால் ஆளை அடையாளம் காணவே முடியாத நிலையில், அவரைப் பொறுத்து தனிநபர் தரவாக இல்லாமல் போகலாம் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. கொடுத்தவருக்கு அது தனிநபர் தரவேதான். ஒரு ஈமெயில் முகவரி கையில் இருந்தால் அதே ஹாஷை ஒரு நொடியில் எடுத்து ஒப்பிட்டுவிடலாம். ஆளைக் கண்டுபிடிக்கத்தானே அந்தப் பட்டியலையே வைக்கிறீர்கள்?

சாவிக்கொத்து
ரகசியச் சாவி சேர்த்து ஹாஷ் செய்தால் வெளியாள் ஒப்பிட முடியாது.

பதிவேடு
வெளியாளைப் பற்றி யார் பேசியது? சாவி உங்களிடம்.

மணல்கடிகை
இரண்டு பேருமே கேளுங்கள். அது தனிநபர் தரவு என்றே வைத்துக்கொள்வோம். அதனால் வைக்கக் கூடாது என்று ஆகாது. அவருக்கு மறுபடி மெயில் போகாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வைத்து, வேறு எதற்கும் தொடாமல் இருந்தால் நியாயம் சொல்ல முடியும். கேட்டவர் காத்திருக்கிறார், அவருக்கு உதவுவோம்.

நூல்கண்டு, இன்னொன்று. செய்திமடல் வெளிச்சேவை வழியாகப் போகிறது என்றால், அங்கே அவருடைய தொடர்புப் பக்கத்தைத் திறந்து "சேர்க்கப்பட்ட தேதி" என்ற இடத்தைப் பாருங்கள். ரீஸ்டோர் செய்த நாள் இருந்தால் பேக்கப்தான் காரணம். பழைய தேதி இருந்தால், அவர் அங்கிருந்து போகவே இல்லை.

வேப்பங்காற்று
எனக்கும் ஒரு கேள்வி. அவருடைய பழைய பில்களையும் அழிக்க வேண்டுமா?

மணல்கடிகை
வரிச்சட்டம் இத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னால் அந்த பில்களை வைக்கலாம், 17-ஆவது பிரிவே அந்த விலக்கைத் தருகிறது. ஆனால் அதை அவரிடம் சொல்ல வேண்டும். பில்லை வைத்துக்கொண்டு "எல்லாம் அழித்தாயிற்று" என்று எழுதியிருந்தால் அந்த வாக்கியமே உண்மை இல்லை. நூல்கண்டு, பதில் எழுதும்போது இதைக் கவனியுங்கள். என்ன நடந்தது, எது அழிந்தது, எது எந்தக் காரணத்துக்காக இருக்கிறது என்று நேராக எழுதுங்கள். மனிதர் கோபத்தில் இருப்பது மெயில் வந்ததால் மட்டும் இல்லை, சொன்ன வார்த்தை பொய்யானதால்.

இன்று இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2025-க்கான கூட்டாய்வுக்கு எடுத்த பொருளே அழிப்பு உரிமைதான். 32 கண்காணிப்பு அமைப்புகள் அதில் சேர்ந்தன.

நூல்கண்டு
பார்த்தேன். வெளிச்சேவைதான். சேர்க்கப்பட்ட தேதி இரண்டு வருடம் பழையது. டேட்டாபேஸில் அழித்தோமே தவிர அங்கே யாரும் தொடவே இல்லை. போன மாதம் மடல் அனுப்பாததால் இதுவரை தெரியவில்லை. பேக்கப்பிலும் அவர் இருந்தார், இப்போது இரண்டிலும் அழித்துவிட்டேன். எங்கள் நேரடி வாடிக்கையாளர்தான். உண்மையை அப்படியே எழுதி, பில் இருப்பதையும் சொல்லி மெயில் அனுப்பியாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

பதிவேடு
28-ஆவது பிரிவு. அந்தச் சேவை உங்கள் சார்பில் தரவைக் கையாளுகிறது, அங்கே அழிக்க வைக்கும் பொறுப்பு உங்களுடையது. இதற்கு முன் அழிக்கச் சொன்ன மற்றவர்களும் அந்தப் பட்டியலில் அப்படியே இருப்பார்கள். ஒருவரை மட்டும் நீக்கிவிட்டுப் போய்விடாதீர்கள்.

மணல்கடிகை
நல்லது. சர்வர் படுத்த அன்று நடுவில் தொலைந்த பதிவுகள் ஏதாவது இருந்தனவா? அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மணல்கடிகை
நூல்கண்டு, நாள் மூன்று ஆகிவிட்டது. பார்த்தீர்களா?