காலையில் கொடுத்த பனடோலும் இடைவேளைக்குப் பின் ஏறும் காய்ச்சலும்

திருகோணமலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகப் பணியாற்றும் நான், வாடைக்காற்றுக் காலம் தொடங்கியதும் இன்புளுவென்சா ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதை ஆண்டுதோறும் கண்டு வருகிறேன். கை கழுவுவதும் முகக்கவசம் அணிவதும் தேவையானவைதாம். ஆனால் காய்ச்சலுள்ள பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைப்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை என்பதே என் அனுபவம். அதைப் பெற்றோருக்கு இயலக்கூடிய காரியமாக்குவதில்தான் பாடசாலை அதிகம் உழைக்க வேண்டும்.

காலை ஆறரை மணிக்குப் பனடோல் கொடுத்து அனுப்பப்படும் பிள்ளை முதல் பாடவேளைகளில் நன்றாகவே இருக்கும். அந்த மருந்து நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரைதான் காய்ச்சலை அடக்கி வைக்கும் என்பதால், இடைவேளை முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது கண் சிவந்து, கொப்பியின் மேலேயே தலையைச் சாய்த்துவிடும். நெற்றியைத் தொட்டால் சுடும். அதற்குள் பக்கத்துப் பிள்ளையின் போத்தலில் தண்ணீர் குடித்து, நிறப்பென்சில்களை மாற்றிக்கொண்டு, மூக்கைத் துடைத்த கையாலேயே பலரைத் தொட்டு விளையாடியும் இருக்கும். இன்புளுவென்சா பிடித்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அதைப் பரப்பக்கூடியவர். ஆகவே எல்லாத் தொற்றையும் வாசலில் தடுத்துவிட முடியாது. இருந்தாலும் நோயின் முதல் மூன்று நாட்களிலேயே பரவல் மிகுதி என்பதால், அந்த நாட்களில் பிள்ளை வராமலிருந்தாலே வகுப்பில் பெரிய வித்தியாசம் தெரியும்.

ஒருமுறை அவ்வாறு சுருண்டு கிடந்த மாணவனின் தாயாரை அழைத்தோம். நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் துப்புரவு வேலை செய்பவர். வேலை உடுப்போடேயே ஓடி வந்தார். "நான் ஒரு நாள் நிண்டா அண்டைக்குச் சம்பளம் இல்லை ரீச்சர். இவனும் வரவுக்குப் பரிசு கிடைக்கும் எண்டு ராவெல்லாம் அழுதவன்" என்றார். சம்பளத்துக்கு எங்களால் எதுவும் செய்ய இயலவில்லை. வரவுப் பரிசு எங்கள் கையில் இருந்தது. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பேசி, காய்ச்சலுக்காக வீட்டில் நின்ற நாட்களைப் பரிசுக் கணக்கில் கழிப்பதில்லை என்று அதிபரின் சம்மதத்தோடு முடிவெடுத்தோம். தவறவிட்ட பாடங்களை மாலையில் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறோம். புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து அஞ்சும் தரம் 5 பெற்றோருக்கு இது பெரும் ஆறுதல். பனடோல் கொடுக்காமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாதிருந்த பின்னரே பிள்ளையை அனுப்ப வேண்டும் என்பதைத் தவணை தொடங்கும்போதே எழுத்தில் கொடுத்துவிடுகிறோம்.

எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் வருவது இன்புளுவென்சாவா டெங்கா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல இயலாது. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைப் பறித்ததை இங்குள்ள பெற்றோர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எனவே காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனைக்குக் காட்டும்படியும், பனடோலைத் தவிர இபுபுரூபன், அஸ்பிரின் போன்றவற்றைத் தாமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் வற்புறுத்திச் சொல்கிறேன். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வைரசுக்கு எதிராக வேலை செய்யாது என்பதையும் சிலருக்குத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருக்கிறது.

கை கழுவும் இடத்தில் எங்களுக்கு இருந்த சிக்கல் காகம். குழாயடியில் வைக்கும் சவர்க்காரத்தைக் கொத்திக்கொண்டு போய்விடும். எஞ்சியது மணலில் விழுந்து கிடக்கும், அதைப் பிள்ளைகள் தொட மாட்டார்கள். வெங்காயம் வரும் வலைப்பையில் சவர்க்காரத்தைப் போட்டுக் குழாயோடு கட்டித் தொங்கவிடலாம் என்று ஒரு பாட்டி சொல்லித் தந்தார். பையோடு தேய்த்தால் நுரையும் நன்றாக வருகிறது. இருபது விநாடி தேய்க்கப் பிள்ளைகளுக்கு அலுப்பும் இல்லை.

யன்னல் விடயத்தில் ஆசிரியர்களிடையே இன்னும் இணக்கம் இல்லை. அரைச்சுவர்க் கட்டடங்களில் காற்றுக்குக் குறைவில்லை. மாடிக் கட்டடத்தில் கடற்பக்கச் சாரலுக்குப் பயந்து இரு பக்க யன்னல்களையும் சாத்திவிடுகிறார்கள். வாடை வடகிழக்கிலிருந்து வீசுவதால் எதிர்ப்பக்க யன்னல்களைத் திறந்து வைத்தால் நனையாமலே காற்று மாறும். என் வகுப்பில் அப்படித்தான் செய்கிறேன்.

தடுப்பூசியைப் பற்றியும் கேட்கிறார்கள். அது நமது தேசிய தடுப்பூசி அட்டவணையில் இல்லை; தனியாரிடம் பணம் கொடுத்து, ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோரையாவது வைத்தியரிடம் கலந்து பேசச் சொல்கிறேன்.

இப்போது பெற்றோர் கூட்டத்துக்குப் பாடசாலை வான் சாரதிகளையும் அழைக்கிறோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு நெருக்கியடித்து வரும் அந்தப் பயணத்தில்தான் பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் இருமுகிறார்கள். வாடிய முகத்தைக் காலையில் வீட்டுப் படலையடியிலேயே பார்ப்பவரும் அவர்தான். உப்புவெளிப் பக்கமிருந்து வரும் சாரதி ஒருவர், காய்ச்சலோடு நிற்கும் பிள்ளையை ஏற்றாமல் தாயிடமே விட்டுவிட்டு எனக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். மற்றச் சாரதிகளும் அப்படிச் செய்ய வேண்டுமென்று வரும் கூட்டத்தில் கேட்கவிருக்கிறேன்.