பள்ளிக்கரணையில் நீலக் கலரில் ஒரு கோழி, என்ன பறவை இது?

வேளச்சேரிவாசி:
துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது சதுப்புக்குள் பார்த்தேன், கோழி அளவு, உடம்பெல்லாம் நீலமும் ஊதாவும், அலகும் நெற்றியும் நல்ல சிவப்பு, நடக்கும்போது வாலை வெடுக்கு வெடுக்கென்று ஆட்டுகிறது. யாராவது வளர்த்தது தப்பி வந்துவிட்டதா?

கோரைப்புல்:
நம்ம ஊர்ப் பறவைதாங்க, நீலத் தாழைக்கோழி. வாலை ஆட்டும்போது அடியில் வெள்ளை பளிச்சென்று தெரியுமே, அதுவேதான். சாப்பிடுவதைத்தான் பார்க்கணும்: நீள விரல்களால் செடியின் தண்டை ஒரு காலில் பிடித்துத் தூக்கி, அலகால் உரித்து, உள்ளே இருக்கும் மெதுவான பகுதியை மட்டும் தின்னும்.

கரணைக்காக்கை:
சுத்த சைவம் என்று நம்பிவிடாதீர்கள். நத்தை, தவளை, அடுத்த பறவையின் முட்டை என்று எதையும் விடாது, பெரிய கேடி!

வேளச்சேரிவாசி:
அட! பறக்குமா?

கோரைப்புல்:
பறக்கும், ஆனால் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பறப்பதைப் பார்க்கச் சகிக்காது. ஆள் கிட்டே போனால் பெரும்பாலும் சம்புப் புல்லுக்குள் ஓடி ஒளிந்துவிடும், கூடும் அங்கேயேதான், தண்ணீரை ஒட்டி. குஞ்சுகள் கறுப்பு. பள்ளிக்கரணை 2022-இலிருந்து ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்ட இடம், காலையிலேயே பைனாகுலரோடு போங்க.