சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்வது எப்படி?

தாமிரபரணிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். மூத்த மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து, கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது ஆகிறது. டிசம்பர் முதல் தேதி வாசலில் நட்சத்திரம் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். இத்தனை ஆண்டுகளாகக் கடையில் வாங்கிக் கட்டிவந்தோம். இந்த முறை நட்சத்திரம், தோரணம், இயேசு பிறப்புக் காட்சியை அமைக்கும் குடிலுக்கான பாறை ஆகிய மூன்றையும் பிள்ளைகளோடு சேர்ந்து காகிதத்திலேயே செய்ய விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். க்ரேப் தாளை முறுக்கி முன்தாழ்வாரம் முழுவதும் தோரணம் கட்டினோம். அன்று இரவே பெய்த மழையில் சாரல் பட்டுச் சாயம் இறங்கி, வெள்ளைச் சுவரில் சிவப்புக் கோடுகள் வழிந்துவிட்டன. அதைவிட என் மனத்தில் தங்கியிருப்பது வேறொன்று. மகன் அட்டையில் ஒட்டிய நட்சத்திரம் மிகவும் கோணலாக இருந்ததால், அவன் தூங்கிய பிறகு நான் அதைப் பிரித்து நேராக ஒட்டிவைத்தேன். காலையில் அவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நான் ஒட்டினது எங்கம்மா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

அரையாண்டுத் தேர்வு தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இரண்டு மூன்று சனி, ஞாயிறுகளில் இந்த வேலையை முடிக்க வேண்டும். எந்தத் தாள், எந்தப் பசை நல்லது? வெவ்வேறு வயதில் உள்ள இந்த மூன்று பிள்ளைகளுக்கும் எந்தெந்த வேலையைக் கொடுக்கலாம்? செய்து பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குமரிக்கடல்:

அன்பு மகளுக்கு வணக்கம். நான் குளச்சல் பக்கத்தவன். சிறுவயதில் எங்கள் பெரியப்பா மூங்கில் பிளாச்சில், அதாவது மூங்கிலைப் பிளந்து எடுத்த மெல்லிய குச்சியில், நட்சத்திரம் கட்டுவார். குச்சி எடுத்துக்கொடுப்பதும் நூல் பிடிப்பதும் எங்கள் வேலை. இன்று என் பேரப்பிள்ளைகளோடு அதே முறையில்தான் கட்டுகிறேன். அட்டையில் வெட்டும் தட்டை நட்சத்திரத்தை விட, உள்ளே விளக்கு வைக்கும் இந்தப் புடைப்பு நட்சத்திரம் பிள்ளைகளுக்கு ஏற்றது. காரணம், சட்டம் சரியாக அமைந்துவிட்டால் தாள் ஒட்டுவதில் எவ்வளவு கோணல் இருந்தாலும் நட்சத்திரத்தின் வடிவம் கெடாது. ஆகவே சட்டத்தைப் பெரியவர்கள் கவனமாகக் கட்டிவிட்டு, தாளைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

60 செ.மீ. நீளத்தில் ஒரே கனமுள்ள பிளாச்சு பத்து எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சீவியபின் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். சிராய் குத்தினால் பிள்ளை மறுபடியும் மூங்கிலைத் தொடப் பயப்படும். ஒவ்வொரு பிளாச்சிலும் இரு முனைகளிலிருந்தும் 23 செ.மீ. அளந்து அடையாளம் இடுங்கள். நடுவில் 14 செ.மீ. மிஞ்சும். கையெடுக்காமல் ஐந்து கோட்டில் நட்சத்திரம் வரைவோம் அல்லவா, அதே வரிசையில் ஐந்து பிளாச்சுகளைத் தரையில் அடுக்கினால், ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் அந்த அடையாளங்களில் வந்து உட்காரும். முனைகளில் முதலில் ரப்பர் வளையத்தைப் போட்டுக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். ஐந்து இடத்திலும் 37 செ.மீ. இருக்க வேண்டும். 23ஐயும் 14ஐயும் கூட்டினால் வருவதும் அதே 37தான். உங்கள் மூத்த மகளிடம் அளவுகோலைக் கொடுத்து இதைத் தானே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு இது மிகவும் பிடித்த வேலையாக இருக்கும். அளவு சரியானதும் சணல் நூலால் இறுக்கிக் கட்டலாம். கட்டுக்கம்பி வேண்டாம், அதன் நுனி கையைக் கிழித்துவிடும்.

இதேபோல் இன்னொரு சட்டமும் கட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே இருக்கும் ஐந்து வெட்டுமிடங்களிலும் 10 செ.மீ. குச்சியை இரு சட்டங்களுக்கும் இடையே முட்டுக் கொடுத்து நிறுத்தினால் நட்சத்திரம் புடைத்துக்கொண்டு எழும். குச்சியின் இரு தலையிலும் சிறிய வெட்டு இருந்தால் நழுவாது. அது எழும் அந்த நொடியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் கைதட்டுகிறார்கள்.

தாளைப் பொறுத்தவரை பட்டத்தாளுக்கு ஈடு எதுவும் இல்லை. முன்பக்கத்து ஐந்து முக்கோணம், பின்பக்கத்து ஐந்து, பக்கவாட்டில் ஒடுங்கிய பத்து முக்கோணம், முன்னால் நடுவில் ஓர் ஐங்கோணம் என மொத்தம் 21 துண்டு தேவை. பின்பக்கத்து ஐங்கோணத்தை விளக்கு வைப்பதற்காகத் திறந்தே விட வேண்டும். பழைய காலண்டர் அட்டையில் மாதிரி வெட்டி வைத்துக்கொண்டு, ஓரத்தில் ஒன்றரை செ.மீ. மடிப்புக்கு விட்டுத் தாளை வெட்டுங்கள்.

பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு குவளை தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை சிறு தீயில் கிண்டினால் போதும். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கும் பழக்கம் முன்பு உண்டு, பெரியப்பாவும் சேர்த்தார். அது நஞ்சு. விரலை வாயில் வைக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் அதைக் கொண்டுவரவே கூடாது. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பாலர்வகுப்பு:

வணக்கம் சகோதரி. பதினெட்டு ஆண்டுகளாக மழலையர் வகுப்பில் பணிபுரிகிறேன். குமரிக்கடல் ஐயா சொன்ன முறையை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டு, உங்கள் மகனைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஐந்து வயதுக் கையால் கோட்டின்மீது நேராக வெட்ட முடியாது. நேராக ஒட்டவும் முடியாது. ஆனால் கிழிக்க முடியும், அதுவும் மிக நன்றாக முடியும். பட்டத்தாளை ஒரு வாட்டத்தில் இழுத்தால் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிழியும். மறு வாட்டத்தில் இழுத்தால் வளைந்து வளைந்து போகும். இதை அவன் கையாலேயே உணர்ந்து கண்டுபிடிக்கட்டும். பல நிறத் தாள்களைக் கிழித்து ஒரு தாம்பாளத்தில் குவித்துவிட்டு, வெட்டி வைத்த 21 துண்டுகளையும் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன் தரையில் பரப்பி, அவற்றின்மேல் அந்தக் கிழிசல்களை அவன் விருப்பம்போல் ஒட்டச் சொல்லுங்கள். மஞ்சள்மேல் சிவப்பு ஏறிய இடம், நீலத்தின் ஓரம் மஞ்சளில் படிந்த இடம் எல்லாம் பகலில் வெறும் ஒட்டுப்போல்தான் தெரியும். உள்ளே விளக்கு எரிந்ததும் அந்த இடங்களில் புதிய நிறம் எழும். அங்கே நேர் என்றும் கோணல் என்றும் எதுவும் இல்லை. ஆகவே நீங்கள் பிரித்து ஒட்ட வேண்டிய தேவையே எழாது. துண்டுகள் முழுதாக உலர்ந்த பிறகு சட்டத்தில் ஏற்றுவது உங்கள் வேலையாகவும் மூத்தவளின் வேலையாகவும் இருக்கட்டும்.

சென்ற ஆண்டு நடந்ததை அவன் மறந்திருப்பான் என்று விட்டுவிடாதீர்கள். "போன தடவை நீ ஒட்டினதை அம்மா மாத்தியிருக்கக் கூடாது" என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். என் வகுப்பில் நானும் அப்படி ஒரு பிள்ளையின் வேலையைத் திருத்தி, பிறகு அவளிடம் சொல்லி வருந்தியிருக்கிறேன். மறுநாள் அவளே பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

1840இல் 'கிண்டர்கார்டன்' என்ற பெயரை வைத்த ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல், தாள் மடிப்பதையும் தாள்பட்டைகளைப் பாய்போல் பின்னுவதையும் சிறு பிள்ளைகளின் கல்வியிலேயே சேர்த்திருந்தார். அந்தப் பின்னலைத் தோரணத்துக்குப் பயன்படுத்தலாம். ஒரு சதுரத் தாளில் ஓரம் விட்டு இரண்டு செ.மீ. இடைவெளியில் கீறல் போட்டுக் கொடுத்தால், வேறு நிறப் பட்டையை மேலும் கீழுமாக மகளே நுழைத்துவிடுவாள். மகனுக்கு வளையச் சங்கிலி போதும். 3 செ.மீ. அகலமும் 18 செ.மீ. நீளமும் உள்ள பட்டைகளை நீங்கள் வெட்டிக் கொடுங்கள். ஒன்றை வளையமாக ஒட்டி, அடுத்ததை அதற்குள் நுழைத்து ஒட்டுவது அவன் பொறுப்பு. 24 வளையம் உள்ள ஒரு சங்கிலியைத் தனியாகக் கட்டி, டிசம்பர் முதல் தேதியிலிருந்து நாளுக்கு ஒன்றாகக் கழற்றினால் பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவனே எண்ணிக்கொள்வான்.

ஒன்றரை வயதுக் குழந்தையை வேறு அறைக்கு அனுப்பாதீர்கள். அழுகைதான் மிஞ்சும். கசக்குவது அந்த வயதுக்குத் தெரிந்த வேலை. சாயம் போகாத பழுப்புத் தாளைக் கொடுத்து உங்கள் மடியருகே உட்கார வைத்தால், குடிலுக்குப் பாறை தானாகவே உருவாகும். வாயில் வைக்கத்தான் செய்யும், ஆகவே ஒருவர் கண் எப்போதும் அதன்மேல் இருக்க வேண்டும். குண்டூசி, ஸ்டேப்ளர் ஊசி, மணி, ஜிகினாத் தூள் ஆகியவை அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடிக்க எண்ணாமல், ஒரு முறைக்கு இருபது அல்லது இருபத்தைந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மகன் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும்போதே எடுத்து வைத்துவிட்டால் மறுநாள் ஓடிவருவான்.

தாமிரபரணிக்கரை:

இருவருக்கும் நன்றி. அந்த 37 செ.மீ. கணக்கை மகளிடம் காட்டினேன். மூன்று தாளில் வரைந்து பார்த்துவிட்டாள். எனக்கு இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. எங்கள் வாசலில் சாரல் அடிக்கும், பட்டத்தாள் தாங்குமா? உள்ளே எந்த விளக்கு வைப்பது?

மின்விளக்கு:

வணக்கம் அக்கா. நான் மின்பணி செய்பவன் என்பதால் இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பழைய 40 வாட், 60 வாட் குண்டு பல்பை இந்த நட்சத்திரத்துக்குள் ஒருபோதும் போடாதீர்கள். அதன் கண்ணாடி நன்றாகச் சூடேறும். காற்றில் ஆடித் தாள் அதன்மேல் சாய்ந்தால் கருகித் தீப்பிடிக்கும். 5 வாட் எல்.இ.டி. பல்பே இந்த அளவு நட்சத்திரத்துக்குப் போதும். அதற்கும் அடிப்பாகம் சற்றுச் சுடும் என்பதால், ஹோல்டரை முட்டுக்குச்சிகளோடு சேர்த்துக் கட்டி, பல்பு எந்தப் பக்கத்திலும் தாளைத் தொடாமல் நடுவில் நிற்கும்படி செய்யுங்கள். நட்சத்திரத்தின் பாரத்தை மின்வயர் தாங்கக் கூடாது. தொங்கவிடுவதற்குத் தனிக் கயிறு வேண்டும். வயரில் ஒட்டுப்போட்ட இணைப்பு வாசலில் இருக்கக் கூடாது. தூங்கப் போகும்போதும் வெளியே போகும்போதும் அணைத்துவிடுங்கள்.

சாரலைப் பட்டத்தாள் தாங்காது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் பெய்வதால், கூரை முழுமையாக மறைக்கும் இடத்துக்கு நட்சத்திரத்தை உள்தள்ளிக் கட்டுங்கள். முன்பக்கத்தின்மேல் நிறமற்ற கண்ணாடித் தாளை ஒரு சுற்று ஒட்டினால் சாரல் ஓரளவு வழிந்தோடும், ஒளியும் குறையாது. அடிமுனையில் மட்டும் சிறிது திறப்பு விட்டால் உள்ளே இறங்கும் நீர் தேங்காது. க்ரேப் தாளை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். குடிலுக்குள் வைக்க மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகள் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றில் பொத்தான் வடிவ வட்ட மின்கலம் இருக்கும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். அப்படி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைக்குட்டி நடமாடும் வீட்டில் அந்த விளக்கை வாங்கவே வேண்டாம்.

தாமிரபரணிக்கரை:

எல்லோருக்கும் என் நன்றி. நேற்று மாலை நட்சத்திரம் ஏறிவிட்டது.

சட்டம் கட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. முதல் சட்டத்தில் ஒரு பக்கம் 39 செ.மீ. வந்ததால், மகள் எல்லா முடிச்சையும் அவிழ்த்து மறுபடி கட்ட வைத்தாள். தாள் ஒட்டும் வேலை நான்கு மாலைப் பொழுதுகளில் முடிந்தது. கடைக்குட்டி கசக்கிய பழுப்புத் தாள் குடிலுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே சேர்ந்திருக்கிறது. வளையச் சங்கிலியை ஜன்னலுக்கு உட்புறம் மாட்டியிருக்கிறோம்.

பாலர்வகுப்பு அம்மா சொன்னபடியே மகனிடம் முதலில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். அவன் பதில் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து வந்து, பச்சைத் தாள் எங்கே என்று கேட்டான். 21 துண்டுகளில் 13 அவன் ஒட்டியவை. இரண்டில் பசை அதிகமாகித் தாள் சுருங்கிப்போனது. மாற்றவில்லை, அப்படியே ஏற்றினோம்.

விளக்கைப் போட்டதும் மாடிப்படியில் இறங்கித் தெருவுக்கே போய் நின்று பார்த்தான். எதிர்வீட்டுப் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துவந்து, இடப்பக்கத்துக் கீழ்முனையைக் காட்டி, மஞ்சள்மேல் நீலம் படிந்து பச்சையாகத் தெரிகிற துண்டு தான் ஒட்டியது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.