மகளுக்குத் தெத்துப்பல்: கிளிப்பா, அலைனரா?

கேள்வி (ஏற்காடு):
மகளுக்கு 14 வயசு. மேல் கோரைப்பல் ரெண்டும் தெத்தா நிக்குது. இடம் பத்தாது, ரெண்டு பல் எடுக்கணும்னு சொல்றாங்க. மாசாமாசம் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போகணுமேன்னு, கழட்டி மாட்டுற பிளாஸ்டிக் உறையான அலைனரை யோசிக்கிறோம். சரிப்படுமா?

பதில் 1:
பல் எடுத்து இடம் மூடுற கேஸுக்குக் கிளிப்தாங்க நம்பகம். அலைனர்ல பல்லோட தலை நகர்ந்து, வேர் பின்தங்கி, பல் எடுத்த பள்ளத்துப் பக்கம் பல் சாய வாய்ப்பு அதிகம். கிளிப்புல கம்பி, பல்லுல ஒட்டின பிராக்கெட்டோட காடிக்குள்ள இறுக்கமா உக்காந்து வேரையும் நிமிர்த்தும். மேலே ஏறின கோரைப்பல்லை இறக்கறதும் அலைனருக்குச் சிரமம். பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா பல் பின்தங்குதுன்னு அர்த்தம். டாக்டரைக் கேக்காம அடுத்த செட் அலைனருக்கு மாத்தாதீங்க.

பதில் 2:
அலைனரை நாளுக்கு 20–22 மணி நேரம் மாட்டணும் அக்கா. காபிக்குக்கூடக் கழட்டணும், சூட்டுல வளைஞ்சிடும். ஸ்கூல்ல டிஷ்யூவுல சுத்தி வெச்சு, அப்படியே குப்பைக்குப் போறதும் உண்டு.

கிளிப் போட்டா 4–6 வாரத்துக்கு ஒரு தடவை வந்தா போதும். தட்டுவடை செட் மட்டும் வேண்டவே வேண்டாம்: கடிச்ச வேகத்துல பிராக்கெட் பிஞ்சு கம்பியில தொங்கும். மாம்பழத்தைத் துண்டு போட்டுக் கொடுங்க. கம்பி நுனி கன்னத்தைக் குத்தினா, அந்த இடத்தைப் பஞ்சால துடைச்சுக் காயவெச்சு, கிளிப்புக்கான மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அழுத்துங்க. ஈரத்துல ஒட்டாது.

பதில் 3:
பல் எடுக்கறதுக்கு முன்னாடி முழுவாய் எக்ஸ்ரே, பக்கவாட்டு எக்ஸ்ரே ரெண்டும் பார்த்தாங்களான்னு கேளுங்க. எது போட்டாலும் கடைசியில, பல்லை நகராமப் பிடிச்சு வைக்கிற ரிடெய்னர் உண்டு. அதை விட்டா பல் பழைய இடத்துக்கே திரும்பும். பணம் பேசும்போதே அதுவும் சேர்த்தியான்னு கேட்டுடுங்க.